முப்பரிமாண உருவத்தைத் துகள்களாகக் கரைப்பது எப்படி: பிளெண்டரில் முழுமையான வழிகாட்டி

ஓர் உருவம் விரல் நுனியில் பொடியாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு கலைந்துபோகும் காட்சியைச் செய்ய முயலும் பலர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உடம்பு மறைகிறது, துகள்களும் பறக்கின்றன, ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தெரிகிறது. உடம்பு ஓர் இடத்தில் ஓட்டை விழுந்துகொண்டிருக்க, துகள்கள் வேறெங்கிருந்தோ கிளம்புகின்றன. பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. ஆனால் இது பொய் என்று அவர் கண்ணுக்குப் பட்டுவிடும்.

இந்த விளைவின் உயிர் விளிம்பில் இருக்கிறது. மேற்பரப்பு எங்கே முடிகிறதோ, அதே இடத்தில், அதே நொடியில், அதே நிறத்தில் துகள் தொடங்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான்: மறைவது, ஒளிர்வது, பறப்பது மூன்றையும் ஒரே எண் ஆள வேண்டும். அந்த எண்ணை இங்கே மாஸ்க் என்று சொல்கிறேன். அதை ஒருமுறை கணக்கிட்டு, உருவத்தின் மேற்பரப்பாக இருக்கும் வலையான மெஷ்ஷிலேயே எழுதி வைத்துவிடுவோம். அப்புறம் எல்லோரும் அதையே படிக்கட்டும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து காட்டுகிறேன். இது இலவசம் என்பது ஒரு காரணம். 2023-ல் வந்த 3.6 பதிப்பில் ஜியோமெட்ரி நோட்ஸுக்குள் (நோட் எனப்படும் கட்டங்களை இணைத்து வடிவத்தை மாற்றும் முறை) சிமுலேஷன் ஸோன் (முந்தைய ஃப்ரேமின் முடிவிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும் பகுதி) வந்தபிறகு, பழைய பார்ட்டிகிள் சிஸ்டத்தின் கட்டுப்பாடுகள் இல்லாமல் எல்லாவற்றையும் நம் கையில் வைத்துக்கொள்ள முடிகிறது என்பது இன்னொரு காரணம். நோட்களின் பெயர்களையும் அமைப்புகளையும் 4.2-ஐ மனதில் வைத்துச் சொல்கிறேன். ஹூடினி, மாயா, சினிமா 4டி எதில் வேலை செய்தாலும் கருத்து இதேதான். பொத்தான்கள் மட்டும் மாறும்.

1. தயாரிப்பு

கணக்கு தெளிவாக இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 2 மீட்டர் உயர மனித உருவம், அசையாமல் நிற்கிறது. நொடிக்கு 24 ஃப்ரேம். 20-வது ஃப்ரேமில் கரையத் தொடங்கி 140-ல் முடிகிறது, அதாவது 120 ஃப்ரேம். துகள்கள் அடங்க நேரம் வேண்டும் என்பதால் காட்சி 210 வரை ஓடட்டும்.

உருவத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள். ஜியோமெட்ரி நோட்ஸ் பொருளின் சொந்த அளவில்தான் கணக்குப் போடுகிறது. ஸ்கேல் 0.1 என்று இருக்கிற பொருளில் காற்றின் வேகம் 2 என்று கொடுத்தால், திரையில் அது 0.2 ஆகத்தான் தெரியும்.

அடுத்து மெஷ்ஷின் நுணுக்கம். மாஸ்க் உச்சிப்புள்ளிகளில்தான் பதிவாகிறது. பெரிய பெரிய சதுரங்கள் இருந்தால் கரையும் விளிம்பு கோணல்மாணலாக வெட்டுப்பட்டுத் தெரியும். ஒவ்வொரு முகத்தின் பக்கமும் 1 செ.மீ. அளவுக்கு வரும்படி சப்டிவைட் செய்யுங்கள், அதாவது முகங்களைப் பிரித்துச் சிறிதாக்குங்கள். கேமரா நெருங்கிப் போகிற இடத்தில் இன்னும் நுணுக்கம் தேவைப்படும்.

2. கரைவு எந்தப் பக்கம் தொடங்க வேண்டும்

நோட்களைத் தொடும் முன் முடிவு செய்ய வேண்டியது இது. பலர் காற்று வந்து மோதும் பக்கத்திலிருந்து கரைவைத் தொடங்குகிறார்கள். காகிதத்தில் அது சரியாகத் தோன்றும். திரையில் என்ன ஆகும்? கிளம்பிய துகள்கள் இன்னும் கரையாத உடம்பின் ஊடாகப் புகுந்து போகும். அதை மறைக்க மோதல் கணக்கு, அதனால் கூடுதல் நேரம், கூடுதல் தலைவலி.

காற்று போகும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். துகள்கள் வெட்டவெளிக்குள் போகும், உருவத்தின் வெளிக்கோடு கடைசிவரை சுத்தமாக இருக்கும். நம் உதாரணத்தில் காற்று எக்ஸ் அச்சின் நேர்திசையில் வீசுகிறது. ஆகவே உருவத்தின் அந்தப் பக்கம் முதலில் கரையட்டும்.

3. மாஸ்க்கைக் கட்டுவது

புதிய ஜியோமெட்ரி நோட்ஸ் மாடிஃபையரைச் சேருங்கள். பொசிஷன் நோட்டை செபரேட் எக்ஸ்ஒய்இஸட் நோட்டுக்குள் விட்டு, எக்ஸ் மதிப்பை மட்டும் எடுத்து மேப் ரேஞ்சுக்குக் கொடுங்கள். உருவம் −0.5-லிருந்து 0.5 வரை பரவியிருந்தால் −0.5-க்கு 1 என்றும் 0.5-க்கு 0 என்றும் வைக்க வேண்டும். முதலில் கரையும் பக்கத்தில் சிறிய எண், கடைசியில் கரையும் பக்கத்தில் பெரிய எண்.

இதை மட்டும் வைத்தால், கத்தியால் சீவியதுபோல் ஒரு நேர்கோடு உடம்பைக் கடந்து போகும். அதை உடைக்க, ஒழுங்கற்ற ஏற்ற இறக்கமான எண்களைத் தரும் நாய்ஸ் டெக்ஸ்சர் வேண்டும். ஸ்கேல் 3, டீடெயில் 4 என்று தொடங்கலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நாய்ஸின் மதிப்பு 0-க்கும் 1-க்கும் இடையே சீராகப் பரவியிருக்காது, பெரும்பகுதி 0.3-க்கும் 0.7-க்கும் நடுவே குவிந்திருக்கும். அப்படியே சேர்த்தால் விளைவு சப்பென்று இருக்கும். இன்னொரு மேப் ரேஞ்ச் போட்டு 0.3–0.7-ஐ 0–1 ஆக நீட்டுங்கள். அதிலிருந்து 0.5-ஐக் கழித்து 0.4-ஆல் பெருக்கி, முன்பு செய்த எக்ஸ் மதிப்போடு கூட்டுங்கள். இதுதான் மாஸ்க். இப்போது அது −0.2-லிருந்து 1.2 வரை இருக்கும்.

அந்த 0.4 தான் காட்சியின் குணத்தையே தீர்மானிக்கிறது. 0.1 ஆக்கினால் அலைபோல் ஒழுங்காக முன்னேறும். 0.8 ஆக்கினால் உடம்பெங்கும் ஒரே நேரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். என் தேர்வு 0.3-க்கும் 0.4-க்கும் இடையே: திசையும் புரியும், ஆங்காங்கே தீவுகள்போல் துண்டுகள் மிஞ்சி நின்று பிறகு கரைவதும் கிடைக்கும். அந்தத் தீவுகள்தான் கண்ணைப் பிடித்து வைக்கின்றன.

கணக்கு முடிந்ததும் ஸ்டோர் நேம்டு ஆட்ரிப்யூட் நோட்டில் மாஸ்க் என்று பெயர் கொடுத்து, பாயின்ட் டொமைனில், அதாவது உச்சிப்புள்ளிக்கு ஒரு மதிப்பாக, சேமியுங்கள். பின்னால் ஷேடரிலோ (மேற்பரப்பின் தோற்றத்தைக் கணக்கிடும் பகுதி) துகள்களிலோ நாய்ஸை மறுபடி கணக்கிடும் ஆசை வரும். வேண்டாம். ஷேடரும் துகள் தூவும் நோட்டும் உச்சிப்புள்ளிகளின் மதிப்பை ஒரே மாதிரி இடைக்கணக்கு செய்து எடுத்துக்கொள்கின்றன. அதனால் சேமித்த மதிப்பைப் படித்தால் இரண்டும் ஒட்டிப் பொருந்தும். புதிதாகக் கணக்கிட்டால் மெஷ்ஷின் நுணுக்கத்தைப் பொறுத்து விலகும்.

4. மேற்பரப்பு மறைவதும் விளிம்பு ஒளிர்வதும்

குரூப் இன்புட்டில் எல்லை என்று ஓர் எண்ணைச் சேருங்கள். 20-வது ஃப்ரேமில் −0.25, 140-ல் 1.25 என்று கீஃப்ரேம் வையுங்கள்; இடைப்பட்ட மதிப்புகளை பிளெண்டரே நிரப்பும். மாஸ்க் இந்த எல்லைக்குக் கீழே போன இடமெல்லாம் கரைந்துவிட்டது என்று பொருள். மாஸ்க்கிலிருந்து எல்லையைக் கழித்து, மீதி என்ற பெயரில் இன்னோர் ஆட்ரிப்யூட்டாகச் சேமித்தால், எல்லை எவ்வளவு என்பது ஷேடருக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

மெட்டீரியலில் ஆட்ரிப்யூட் நோட்டில் மீதியைப் படியுங்கள். 0-க்கு மேல் இருந்தால் வழக்கமான தோல், கீழே இருந்தால் டிரான்ஸ்பரன்ட் பிஎஸ்டிஎஃப். இரண்டையும் மிக்ஸ் ஷேடர் இணைக்கும். முகங்களை டிலீட் ஜியோமெட்ரியால் அழிக்கவும் முடியும். ஆனால் அழிவது முழு முகமாக அழியும், விளிம்பு மெஷ்ஷின் கட்டங்களைக் காட்டிக்கொடுக்கும். ஷேடர் வழியே போனால் ஒரு முகத்தின் நடுவிலும் விளிம்பு ஓடும்.

ஓட்டை விழுந்தவுடன் உள்பக்கம் தெரியும். அதே தோல் நிறம் உள்ளேயும் இருந்தால் பிளாஸ்டிக் பொம்மை உடைந்ததுபோல் இருக்கும். ஜியோமெட்ரி நோட்டின் பேக்ஃபேஸிங் வெளியீட்டைக் கொண்டு உள்பக்கத்தை மட்டும் கரியைப்போல் இருட்டாக்குங்கள்.

ஒளிர்வுக்கு மீதி 0-க்கும் 0.04-க்கும் இடையே உள்ள பட்டையில் எமிஷன் சேருங்கள். எல்லை 120 ஃப்ரேமில் 1.5 தூரம் போகிறது, அதாவது சராசரியாக ஒரு ஃப்ரேமுக்கு 0.0125. ஆகவே 0.04 அகலப் பட்டை என்றால் ஓர் இடம் மறைவதற்குச் சுமார் 3 ஃப்ரேம் முன்பே சிவக்கத் தொடங்கும். கண் எதையோ எதிர்பார்க்க அது போதும். எரிவதாகக் காட்டாமல் வெறுமனே மண்ணாக உதிர்வதாகக் காட்டப்போகிறீர்கள் என்றால் ஒளியே வேண்டாம். அதே பட்டையில் நிறத்தைச் சாம்பலுக்குக் கொண்டுபோனால் போதும். ஒளிரும் விளிம்பு எல்லாக் கரைவுக்கும் கட்டாயம் என்பதுபோல் ஒரு பழக்கம் உருவாகிவிட்டது. கதைக்குத் தேவையா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

5. துகள்களைத் தூவுவது

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் விளிம்பில் புதிய துகள்களைப் பிறப்பிப்பது ஒரு முறை. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: எல்லாத் துகள்களையும் முதல் ஃப்ரேமிலேயே உடம்பு முழுக்கத் தூவிவிட்டு, மறைத்து வைத்து, தன் முறை வரும்போது ஒவ்வொன்றையும் விடுவிப்பது. எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும், படபடப்பு இருக்காது, மேற்பரப்பின் நிறமும் மாஸ்க்கும் துகளோடேயே வந்துவிடும்.

டிஸ்ட்ரிப்யூட் பாயின்ட்ஸ் ஆன் ஃபேசஸ் நோட்டைச் சேருங்கள். மனித உடம்பின் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 லட்சம் துகள்களுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 1,11,000 என்று அடர்த்தி கொடுக்க வேண்டும். இந்த அளவில் ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 3 மி.மீ. ஆகவே ஆரம் 1.5 மி.மீ. என்றால், கிளம்புவதற்கு முந்தைய கணத்தில் துகள்களே தோலைப்போல் மூடி நிற்கும். எண்ணிக்கையை மாற்றினால் ஆரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதை இது சொல்கிறது.

பயந்துவிட வேண்டாம், 2 லட்சமும் ஒரே நேரத்தில் பறக்கப்போவதில்லை. 120 ஃப்ரேமில் 2 லட்சம் என்றால் ஃப்ரேமுக்குச் சுமார் 1,670. ஒவ்வொன்றும் சராசரியாக 2 நொடி, அதாவது 48 ஃப்ரேம் வாழ்ந்தால், எந்த நேரத்திலும் காற்றில் இருப்பவை 80 ஆயிரம்தான்.

தூவியதும் துகள்களில் சில மதிப்புகளை எழுதி வையுங்கள். ஆயுள்: ரேண்டம் வேல்யூ, 1.2-லிருந்து 2.8 நொடி. வயது: 0. தயக்கம்: 0-லிருந்து 0.05 வரை ஒரு ரேண்டம் எண்; இதன் வேலை அடுத்த பகுதியில். வேகம்: தூவும் நோட்டின் நார்மல் (மேற்பரப்புக்குச் செங்குத்தான திசை) வெளியீட்டை 0.15-ஆல் பெருக்கியது. இந்த வேகத்துக்கு மட்டும் வெலாசிட்டி என்ற ஆங்கிலப் பெயரையே சிற்றெழுத்தில் வையுங்கள். அந்தப் பெயரில் இருந்தால்தான் பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸ் அதைப் படித்துத் துகள்களுக்கு மோஷன் பிளர் (அசைவு மங்கல்) கொடுக்கும்.

6. சிமுலேஷன் ஸோன்

துகள்களை சிமுலேஷன் ஸோனுக்குள் அனுப்புங்கள். ஸோன் வெளியிலிருந்து ஜியோமெட்ரியை முதல் ஃப்ரேமில் மட்டுமே வாங்கும். பிறகு தன் முந்தைய ஃப்ரேமின் முடிவையே எடுத்துத் தொடரும். எல்லை மதிப்பை வெளியிலிருந்து நேரடியாக ஸோனுக்குள் இருக்கும் நோட்டுக்கு இழுத்தால் அது ஒவ்வொரு ஃப்ரேமும் புதிதாக வந்துகொண்டிருக்கும்.

உள்ளே முதல் வேலை, யார் கிளம்பலாம் என்று தீர்மானிப்பது. மாஸ்க்கோடு தயக்கத்தைக் கூட்டி, அது எல்லைக்குக் கீழே வந்ததா என்று கம்பேர் நோட்டில் பாருங்கள். துகள் கண்ணுக்குத் தெரிவதோ வெறும் மாஸ்க்கைக் கொண்டு, தயக்கம் சேர்க்காமல். இதன் பலன் என்ன? மேற்பரப்பு மறைந்த இடத்தில் துகள் உடனே தெரிகிறது, ஆனால் 0 முதல் 4 ஃப்ரேம் வரை அசையாமல் அதே வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம்தான் எழும்புகிறது. உடம்பு தானே துகளாகிவிட்டது என்ற உணர்வு இங்கேதான் பிறக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே ஃப்ரேமில் விடுபட்ட துகள்களெல்லாம் சேர்ந்து படலம் படலமாகப் பறக்கும் குறை, இந்தத் தயக்கத்தால் கலைந்துவிடுகிறது.

அடுத்து வேகம். துகளைக் காற்றின் வேகத்துக்கு நேரடியாகத் தூக்கிப் போடக் கூடாது. காற்றின் வேகத்திலிருந்து துகளின் வேகத்தைக் கழித்து, இழுவை எண்ணாலும் டெல்டா டைமாலும் (ஒரு ஃப்ரேமின் நேரம்) பெருக்கி, பழைய வேகத்தோடு கூட்டுங்கள். இழுவை 4 என்றால் கால் நொடியில், அதாவது 6 ஃப்ரேமில், துகள் காற்றின் வேகத்தில் ஏறக்குறைய 63 சதவீதத்தை எட்டும். 0.8 என்றால் அதற்கு 30 ஃப்ரேம் ஆகும். தூசிக்கு 4, சற்றுப் பெரிய சில்லுகளுக்கு 0.8. ஈர்ப்புக்கு நிஜமான 9.8 வேண்டாம், 1 போதும். அந்த ஒரே ஈர்ப்பில் தூசி நொடிக்கு 0.25 மீட்டரும் சில்லு 1.25 மீட்டரும் என்ற வேகத்தை நோக்கி விழும். கனம் என்று தனியாக எதையும் கணக்கிடாமலே இலேசும் கனமும் பிரிந்து தெரியும்.

வேகத்தைச் சேமிக்கும்போது செலக்ஷனில் கிளம்பியவற்றை மட்டும் கொடுங்கள். செட் பொசிஷனின் ஆஃப்செட்டில் வேகத்தை டெல்டா டைமால் பெருக்கிக் கொடுங்கள். இங்கும் அதே செலக்ஷன். கிளம்பியவற்றின் வயதோடு மட்டும் டெல்டா டைமைக் கூட்டுங்கள். வயது ஆயுளைத் தாண்டிய துகள்களை டிலீட் ஜியோமெட்ரி அகற்றட்டும். இன்னும் தெரியக்கூடாத துகள்களை ஸோனுக்கு வெளியே வந்தபிறகு அகற்றுங்கள். உள்ளேயே அகற்றினால் அவை திரும்பி வராது.

7. சுழல்

காற்று மட்டும் இருந்தால் துகள்கள் கோடு கோடாகப் போகும். நாய்ஸின் கலர் வெளியீட்டிலிருந்து 0.5-ஐக் கழித்து அதையே திசையாகக் கொடுப்பது எல்லோரும் செய்வது. சிறிது நேரத்தில் துகள்கள் சில இடங்களில் கொத்துக் கொத்தாகக் குவிவதையும் சில இடங்கள் காலியாவதையும் பார்ப்பீர்கள். சாதாரண நாய்ஸ் புலத்தில் எல்லாம் உள்ளே இழுக்கப்படும் குழிகள் உண்டு; நிஜக் காற்றில் அப்படி இல்லை. கென் பெர்லின் 1985-ல் வெளியிட்ட நாய்ஸ் பரப்புகளுக்காக உருவானது, ஓட்டத்துக்காக அல்ல. ஓட்டத்துக்கென்றே கர்ல் நாய்ஸ் என்ற முறையை ராபர்ட் பிரிட்சன் குழுவினர் 2007-ல் விவரித்தார்கள். அதில் குழிகளே இருக்காது.

அந்தக் குணத்தை நோட்களில் கொண்டுவர எளிய வழி இருக்கிறது. ஒரு நாய்ஸைத் துகளின் இடத்திலும், மூன்று அச்சுகளிலும் 0.01 தள்ளியும் படித்து, வித்தியாசங்களை 0.01-ஆல் வகுத்தால் அதன் சரிவு கிடைக்கும். வேறொரு நாய்ஸுக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு சரிவுகளின் கிராஸ் புராடக்ட்டை (இரண்டுக்கும் செங்குத்தான வெக்டர்) எடுத்தால் அதில் குவிவும் இல்லை, வெறுமையும் இல்லை, சுழல் மட்டும் இருக்கும். மொத்தம் 8 நாய்ஸ் நோட்கள் ஆகும். ஒருமுறை நோட் குரூப்பாகக் கட்டி வைத்துக்கொண்டால் புகைக்கும் நீருக்கும்கூட உதவும். கிடைத்த வெக்டரைக் காற்றின் வேகத்தோடு கூட்டுங்கள். நாய்ஸை 4டி ஆக்கி, டபிள்யூ மதிப்புக்கு சீன் டைமின் நொடியை 0.3-ஆல் பெருக்கிக் கொடுத்தால் சுழலும் மெல்ல மாறிக்கொண்டிருக்கும்.

சுழலின் பலத்தை வயதோடு ஏற்றுங்கள். கிளம்பியவுடன் கிட்டத்தட்ட 0, ஒரு நொடி கழித்து முழுசாக. உடம்பை விட்டுப் பிரியும்போது துகள்கள் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போகும், தூரம் போகப் போகச் சிதறும்.

8. அளவும் நிறமும்

எல்லாத் துகளும் ஒரே அளவில் இருந்தால் உப்பு கொட்டியதுபோல்தான் தெரியும். ரேண்டம் எண்ணை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி அளவாகப் பயன்படுத்துங்கள்: மிகச் சிறியவை ஏராளம், நடுத்தரம் கொஞ்சம், பெரியவை அபூர்வம். அசையாமல் நிற்கும்வரை எல்லாமே 1.5 மி.மீ. ஆரத்தில் இருந்து, கிளம்பிய சில ஃப்ரேம்களுக்குள் தன் சொந்த அளவுக்கு மாறட்டும். கடைசிக் கால்வாசி ஆயுளில் சுருங்கி 0 ஆகட்டும். திடீரென்று காணாமல் போவதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

தூசியைப் புள்ளிகளாகவே விடலாம். சைக்கிள்ஸ் அவற்றைக் கோளங்களாக வரையும். சில்லுகளுக்கு மட்டும் இன்ஸ்டன்ஸ் ஆன் பாயின்ட்ஸ் வழியே மெல்லிய, ஒழுங்கற்ற தகடுகளை வையுங்கள். மொத்தத்தில் 20-ல் ஒன்று என்ற அளவு போதும். நிறத்துக்கு, யூவி மதிப்பை, அதாவது தோல் படத்தில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தை, துகளில் தனிப்பெயரில் சேமித்து, துகளின் மெட்டீரியலில் அதே தோல் படத்தை அந்த யூவியால் படியுங்கள். தகடுகளின் மெட்டீரியலில் ஆட்ரிப்யூட் நோட்டின் வகையை இன்ஸ்டன்சர் என்று மாற்றினால்தான் மதிப்பு வந்து சேரும். செட் மெட்டீரியல் நோட்டை மறந்தால் எல்லாம் சாம்பல் நிறத்தில் வரும்.

9. வேகவளைவு, பேக், ரெண்டர்

எல்லையின் கீஃப்ரேம்களுக்கு நேர்கோட்டு வளைவு வைக்காதீர்கள். முதல் ஒரு நொடி மிக மெதுவாக, ஒரு விரலோ ஒரு தோள்முனையோ உதிரும் அளவுக்கு மட்டும் போகட்டும். அதைப் பார்ப்பவர் கவனித்தபிறகு வேகம் கூடட்டும். துகள் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்த வளைவைத் திருத்துவதில் செலவிடும் நேரத்துக்குப் பலன் அதிகம்.

சோதிக்கும்போது அடர்த்தியைப் பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். எப்போதும் முதல் ஃப்ரேமிலிருந்தே ஓட்டுங்கள். நடுவில் குதித்தால் சிமுலேஷன் சரியாக வராது. திருப்தியானதும் ஃபைலைச் சேமித்துவிட்டு, பிசிக்ஸ் பகுதியில் சிமுலேஷன் நோட்ஸின் கீழ் பேக் செய்யுங்கள், அதாவது கணக்கின் முடிவைப் பதிவு செய்து வையுங்கள்.

ரெண்டரில் உடம்பின் ஓட்டைகளுக்குள் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால், சைக்கிள்ஸின் லைட் பாத்ஸில் டிரான்ஸ்பரன்ட் பௌன்ஸ் போதவில்லை என்று பொருள். இயல்பான மதிப்பு 8, அதை 32 ஆக்கிப் பாருங்கள். ஒளிப்பரவல் வேண்டுமானால் காம்போசிட்டரின் கிளேர் நோட்டில் செய்யுங்கள். பிளெண்டரின் மற்றொரு ரெண்டர் இயந்திரமான ஈவீயில் முன்பு இருந்த புளூம் (ஒளிப்பரவல்) 4.2-லிருந்து இல்லை. வெளிச்சம் துகள்களின் பின்பக்கத்திலிருந்து வந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். முன்பக்க விளக்கில் அதே துகள்கள் தட்டையான மூட்டமாகிவிடும்.

முதல் ஃப்ரேமிலேயே துகள்கள் கிளம்பிவிட்டால், எல்லையின் தொடக்க மதிப்பு மாஸ்க்கின் மிகக் குறைந்த மதிப்பைவிட மேலே இருக்கிறது. கடைசியில் ஒரு துண்டு கரையாமல் நின்றால் முடிவு மதிப்பு போதவில்லை.

10. உருவம் நடந்துகொண்டே கரைந்தால்

அசையும் உருவத்தில் மாஸ்க்கை, எலும்புக்கூட்டைக் கொண்டு உருவத்தை அசைக்கும் ஆர்மேச்சர் மாடிஃபையருக்கு முன்னால் ஒரு தனி ஜியோமெட்ரி நோட்ஸ் மாடிஃபையரில் சேமியுங்கள். பின்னால் சேமித்தால் கை அசையும்போது நாய்ஸ் தோலின்மேல் நீந்தும். துகள் வேலையெல்லாம் ஆர்மேச்சருக்குப் பின்னால் இன்னொரு மாடிஃபையரில் நடக்கட்டும்.

இன்னும் கிளம்பாத துகள்கள் உடம்போடு ஒட்டி நகர வேண்டுமே. அதற்கு சாம்பிள் யூவி சர்ஃபேஸ் நோட் இருக்கிறது. அசைந்த மெஷ்ஷை ஸோனுக்கு வெளியிலிருந்து இழுத்து, துகளில் சேமித்த யூவியைக் கொடுத்தால், இந்த ஃப்ரேமில் அந்தத் தோல்புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லும். யூவி தீவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கிளம்பாத துகளை அந்த இடத்தில் வைப்பதற்கு முன், புதிய இடத்திலிருந்து பழைய இடத்தைக் கழித்து டெல்டா டைமால் வகுத்து, அதை வேகமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், நார்மலின் 0.15-ஐயும் அதோடு கூட்டிவிடுங்கள். பிறகு துகள் விடுபடும் நொடியில் கையின் வீச்சு அப்படியே அதற்கு வந்துவிடும். வீசிய கையிலிருந்து பிரியும் தூசி முதலில் கையின் திசையில் பாய்ந்து, காற்றின் இழுவை பிடித்தபிறகு வளைந்து திரும்பும்.